ஜூன் ஒன்றில் பிறந்த சிங்கங்கள்

1

இன்று ஜூன் ஒன்று. ஆபீஸில் எனக்குக் கேக் வெட்டினார்கள். இன்று என் பிறந்தநாள் இல்லை.

இதை நான் இப்போதெல்லாம் யாரிடமும் விளக்குவதில்லை. அமெரிக்கா வந்த புதிதில் இரண்டு வருடம் விளக்கிப் பார்த்தேன். "அப்படியானால் உன் பாஸ்போர்ட்டில் இருப்பது பொய்யா?" என்று என் மேனேஜர் அம்மாள் கண்ணை விரித்துக் கேட்டதிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். எல்லோரும் பாடுவார்கள், நான் மெழுகுவர்த்தியை ஊதுவேன், மிச்சக் கேக்கை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். நான் பிறந்தது கார்த்திகையில். கார்த்திகையில் எனக்குக் கேக்கும் கிடையாது, பாட்டும் கிடையாது. என் கணவர் ரகுவுக்கு ஞாபகம் வந்தால் பாயசம் வைப்பார்.

ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். உங்கள் வீட்டிலும் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாத ஆரம்பத்திலும் 'பிறந்தவர்கள்' நாலு பேராவது இருப்பார்கள். தென்காசியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு நாலரை வயது. ஹெட்மாஸ்டர் என்னை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

"வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடு, பாப்பம்."

தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. எனக்கு இரண்டு விரல்கடை குறைந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா செருப்பைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் என் தலையை ஒரு விரலால் வலப்பக்கம் லேசாகச் சாய்த்தார். காது கைக்கு வந்தது.

"எட்டிட்டுல்லா. அஞ்சு முடிஞ்சாச்சு. ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிடுதேன்."

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறக்கிற நாளே எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள். அதில் அவருக்கு ஒரு உறுத்தலும் இல்லை, எங்கள் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் போன வருடம் வரைக்கும் நினைத்திருந்தேன். போன வருடம் இந்தத் தேதியால் ஒரு சிங்கம் செத்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். அதில் பாதி என் மேலேயே.

2

நான் பார்க்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் எங்கள் மான்மவுத் ஜங்ஷனைச் சுற்றி மருந்து கம்பெனிகள் நிறைய. புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும்போது ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து குவிகிற விவரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. காய்ச்சல் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் விட்டது, மாத்திரை எப்போது நிறுத்தியது. நோயாளி "போன மாசம் ஏதோ ஒரு நாள்" என்று சொன்னால் நர்ஸ் தன் இஷ்டத்துக்கு ஒரு தேதியைப் போடக்கூடாது. அந்தக் கட்டத்தில் யூ.என்.கே. என்று மூன்று எழுத்து எழுத வேண்டும். தெரியவில்லை என்று அர்த்தம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் எங்கள் தொழிலில் பெரிய பாவம். இதற்காக எத்தனையோ நர்ஸுகளை வறுத்தெடுத்திருக்கிறேன்.

இந்தக் கறார் எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியபோது வந்தது. பாஸ்போர்ட்டில் ஜூன் ஒன்று, முனிசிபாலிட்டி பிறப்புச் சான்றிதழில் நவம்பர். வக்கீல் போனில் கேட்டார், இந்த இரண்டில் எது உண்மை என்று. நான் யோசிக்காமல் "இரண்டும்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

பிறகு ஊரில் அத்தையும் பெரியப்பாவும் நோட்டரி முன்னால் உட்கார்ந்து, நான் பிறந்ததைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெரியப்பா அன்றைக்கு ராமேஸ்வரத்தில் இருந்தார் என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். ஒரு பொய்யைச் சரிகட்ட இன்னொன்று. வந்த கடிதங்களும் அனுப்பிய பதில்களும் ஒரு பெரிய கோப்பு. எல்லாம் முடிந்ததும் வக்கீல் சொன்னார்: "இந்த நாட்டில் ஒரு ஆளுக்கு ஒரு தேதிதான். இனிமேல் தேதியோடு விளையாடாதே." விளையாட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நிஜமாகவே பல வருடம் விளையாடவில்லை.

3

சிங்கங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது கோவிட் காலத்தில். மகள் மீராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் ஸ்கூல் சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம், என் ஆபீஸ் அந்தப் பக்கம். ஆப்பிரிக்காவின் தெற்கே ஒரு நாட்டில் ஒரு வனவிலங்குக் காப்பகம், சாயங்கால ஜீப் சவாரியை நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே சாயங்காலம் என்றால் எங்களுக்குக் காலை பத்து மணி. மூன்றாவதாக ஒரு பழைய லேப்டாப்பைத் திறந்து நடுவில் வைத்தோம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற என் மகள், சிங்கம் வந்தால் மட்டும் "அம்மா, அம்மா" என்று கையைப் பிடித்து உலுக்குவாள்.

கொஞ்ச நாளில் அந்தக் காப்பகம் வீட்டிலிருந்து உதவ ஆள் கேட்டது. சுற்றுலாப் பயணிகள் வருடக்கணக்காக அனுப்பிய போட்டோக்களைப் பார்த்து, எது எந்தச் சிங்கம் என்று பிரிக்க வேண்டும். நான் உடனே பெயர் கொடுத்தேன். சும்மா இருக்க எனக்கு எப்போதுமே வராது.

பிடரியைப் பார்த்து ஆண் சிங்கத்தை அடையாளம் சொல்ல முடியாது, அது வளரும், உதிரும், நிறம் மாறும். காதில் புதுக் கிழிசல் விழும். மாறாதது மீசைப் புள்ளிகள்தான். மீசை முடி முளைக்கிற வரிசைகளுக்கு மேலே தனியாகச் சில கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இடது கன்னத்தில் எத்தனை, எந்த இடத்தில், வலது கன்னத்தில் எத்தனை என்பது குட்டியிலிருந்து சாகும் வரை மாறாது. நானும் மீராவும் போட்டோவைப் பெரிதாக்கிப் புள்ளி எண்ணுவோம். பொங்கலுக்கு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்று தோற்றவள் நான். சிங்கத்தின் மூஞ்சியில் அவள் ஒரு புள்ளி தவறவிட மாட்டாள்.

அப்படித்தான் அண்ணன் தம்பி இரண்டு பேர் கிடைத்தார்கள். அப்போது அவர்களுக்கு இரண்டு வயதுக்கு மேல். பிடரி முளைக்கத் தொடங்கி, கழுத்தில் பாதி முடி பாதி சொட்டை. காது கிழிந்து உடம்பு பெருத்தவனுக்குப் பெரியவன் என்றும், மற்றவனுக்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்தோம். ஒரே ஈற்றுதான், இருந்தாலும் வீடு என்றால் ஒரு பெரியவன் வேண்டுமே. பழைய போட்டோக்களைத் துழாவியதில் அவர்கள் குட்டியாக இருக்கும் ஒரே ஒரு படம் அகப்பட்டது. யாரோ ஒரு பயணி ஜனவரி மழைக்காலத்தில் எடுத்தது. உயரமான பச்சைப் புல்லுக்குள் தாய்ச் சிங்கம், பக்கத்தில் இரண்டு தலைகள். மூன்று மாதமும் இருக்கலாம், ஏழு மாதமும் இருக்கலாம். உடம்பு தெரிந்தால் அல்லவா சொல்ல முடியும்?

படிவத்தில் பிறந்த தேதி என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் சேவ் ஆகவில்லை. யூ.என்.கே. போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. முழுத் தேதிதான் வேண்டுமாம். நான் சிரித்துக்கொண்டே ஜூன் ஒன்று என்று போட்டேன். எங்கள் ஹெட்மாஸ்டர் போட்ட மாதிரியே.

"மீரா, நம்ம ரெண்டு பசங்களுக்கும் எனக்கும் ஒரே பர்த்டே" என்றேன்.

பக்கத்தில் குறிப்பு எழுத இன்னொரு கட்டம் இருந்தது. 'இது உத்தேசம், அக்டோபர் வரைக்கும் இருக்கலாம்' என்று எழுதியிருக்கலாம். நர்ஸுகளை அதற்காகத்தான் திட்டுகிறேன். எழுதவில்லை.

4

அதற்குப் பிறகு நாலு வருடம் அவர்களைத் தொடர்ந்தோம். மூன்று வயது நெருங்கும்போது தகப்பன் இருவரையும் கடித்துத் துரத்தியது. ஒன்றரை வருடம் எல்லைகளுக்கு நடுவே ஒளிந்து திரிந்தார்கள். பெரியவன் முள்ளம்பன்றியிடம் வாயைக் கொடுத்துத் தாடையில் முள்ளோடு மூன்று வாரம் சுற்றினான். பிறகு பிடரி கறுத்து, குரல் இறங்கி, ஆற்றுக்கு மேற்கே ஒரு கூட்டத்தைக் கைப்பற்றினார்கள். அங்கிருந்த கிழட்டு ஆணை விரட்டினார்கள். அதன் குட்டிகளைக் கொன்றார்கள். ஆண் சிங்கம் புதிதாக வந்தால் அதைத்தான் செய்யும், முந்தையவனின் குட்டிகள் இருக்கும்வரை தாய்கள் புதியவனோடு சேராது. எங்கள் பையன்கள் என்பதற்காக நான் மறைக்கவில்லை, மூன்று குட்டிகளின் அட்டையிலும் 'இறந்தது' என்று நானே பதிந்தேன். மீரா ஒரு வாரம் ஸ்கிரீன் பக்கம் வரவில்லை.

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐசலினில் ஓக் ட்ரீ ரோடு ஹோட்டல் ஒன்றில் குடும்ப நண்பர் சுந்தரிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"பாருங்க கோமதி, சிங்கமும் நம்மள மாதிரிதான். ஊரை விட்டு வந்து, அலைஞ்சு, ஒரு இடத்தைப் பிடிச்சு செட்டில் ஆகுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னை யாரும் கடிச்சுத் துரத்தல சுந்தர். நான் சம்பளத்துக்கு வந்தேன். வரும்போது ஏர்போர்ட்ல மாலை போட்டு அனுப்பினாங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க."

"பேச்சுக்குக்கூட வேண்டாம். அது பிழைக்கறதுக்காக ஓடுது. நாம வீடு ரீஃபைனான்ஸ் பண்றோம்."

ரகு மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். எதைப் பார்த்தாலும் அதில் தன் மூஞ்சியைத் தேடுகிற இந்தப் பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. சிங்கம் சிங்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

5

போன வருடம் பிப்ரவரியில் நாலு குட்டிகள் பிறந்தன. இந்த முறை அம்மா வாயில் கவ்விக்கொண்டு போகிற படமே வந்துவிட்டது, தேதியில் சந்தேகமில்லை. ஜூன் ஒன்றாம் தேதி ஆபீஸ் கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, "நம்ம பசங்களுக்கு ஆறு வயசு" என்று மீராவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். பதினாறு வயதுக்காரி. என்னோடு உட்காருவதே அபூர்வமாகியிருந்தது. "க்யூட்" என்று சொல்லி மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை முதல் வாரம். நான் கிச்சனில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மீரா போனை நீட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"அம்மா, இட்ஸ் ஹிம், ரைட்?"

போட்டோவில் ஒரு ஆள் மண்டியிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். டெக்சாஸில் கூரை போடும் தொழில் செய்கிறவராம். முன்னால் சிங்கத்தின் தலையை ஒரு கல்லில் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ரத்தத்தைத் துடைத்திருந்தார்கள். நான் பெரிதாக்கினேன். இடது கன்னத்தில் மூன்று புள்ளி, வலதில் ஒன்று. கிழிந்த காது. என் பெரியவன். வயது ஏற ஏறக் கறுக்கிற மூக்கு இன்னும் பாதிக்கு மேல் ரோஸ் நிறமாக இருந்தது. அடுப்பில் தோசை கருகியது, அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மீராதான் அணைத்தாள்.

காப்பகத்துக்குப் பக்கத்திலேயே பணம் கட்டி வேட்டையாடுகிற பகுதி ஒன்று உண்டு. நடுவில் வேலி கிடையாது. சிங்கத்துக்கு எது எல்லை என்று யார் போய்ச் சொல்வது? அது எனக்கு முன்பே தெரியும். ஆறு வயது நிறைந்த ஆணை மட்டும்தான் சுடலாம் என்று அந்த ஊரில் சட்டம் இருப்பதும் தெரியும். தெரியாதது போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது. 'பதிவேட்டின்படி வயது சான்றளிக்கப்பட்டது: ஆறு வருடம், ஒரு மாதம்.'

ஒரு மாதம். ஜூன் ஒன்றிலிருந்து எண்ணினால்தான் ஒரு மாதம். உலகத்தில் வேறு எந்தப் பதிவேட்டிலும் அந்தத் தேதி கிடையாது.

மீரா கேட்டாள். "அம்மா, தட் டேட்... யூ நியூ இட், ரைட்? ஃபார் ஷ்யூர்?"

"இல்லடி. நானா போட்டேன்."

"லைக், யூ மேட் இட் அப்?"

"ஆமா."

"ஸோ ஹி குட்'வ் பீன் ஃபைவ்."

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் பாடத்தில் விடை சொல்வது மாதிரி சொன்னாள்.

6

மறுநாள் காப்பகத்தில் இந்த வேலையை மேற்பார்வை பார்க்கும் பீட்டரிடம் ஸூமில் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கத்தினேன் என்று சொல்லலாம். சிங்கங்களைக் காப்பாற்ற என்று சொல்லி எங்களிடம் வாங்கிய விவரத்தை வேட்டைக்காரனுக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். விவரம் வனத்துறைக்குப் போகிறது, வனத்துறை சான்று கொடுக்கிறது. வயது தெரியாமல் இளம் சிங்கங்களைச் சுட்டுத் தள்ளிய காலத்துக்கு இது மேல். வேட்டையில் வரும் வருமானத்தில்தான் பக்கத்துக் கிராமத்து மக்கள் காட்டை விட்டுவைத்திருக்கிறார்கள். எல்லாம் நியாயமாகவே இருந்தது, அதனால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் காலை வாரிவிடும். பீட்டர் புரியாமல் விழித்தார். எனக்குப் பின்னாலிருந்து மீரா எட்டிப்பார்த்து, "ஷி'ஸ் வெரி அப்செட்" என்று மொழிபெயர்த்தாள். இத்தனை வருடத்தில் என் தமிழை அவள் இவ்வளவு நாகரிகமாக மாற்றி நான் கேட்டதில்லை.

அவர் ஸூமை மூடுவதற்கு முன் கடைசியாக ஒன்று சொன்னார். இந்த சீசனில் இன்னும் ஒரு ஆணுக்கு அனுமதி இருக்கிறது. தம்பிக்கும் அதே தேதிதானே, உறுதி செய்து ஒரு மெயில் போட்டுவிடு. இரண்டு நாளில் வேண்டும்.

சின்னவன் செத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆற்றுக்குக் கிழக்கே மூன்று இளவட்ட ஆண்கள் அலைந்துகொண்டிருந்தன. காவல் இல்லை என்று தெரிந்த வாரமே ஆற்றைத் தாண்டும். நாலு குட்டிகளுக்கும் அப்போது ஐந்து மாதம். ஒன்றுகூட மிஞ்சாது. குட்டிகள் ஒரு வயது தாண்டிவிட்டால் ஓடுவதற்காவது காலில் பலம் வரும். அக்டோபரோடு சீசன் முடிகிறது. சின்னவன் இந்த ஒரு சீசனைத் தாண்டினால் போதும்.

என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியும். பிறந்த தேதி தெரியாது, ஜூனிலிருந்து அக்டோபர் வரை எதுவும் இருக்கலாம், ஆகவே இந்த வருடம் ஆறு வயது நிறைந்தது என்று சான்று தர முடியாது. அது முழு உண்மை. ஆனால் அதை எழுதினால், அண்ணனுக்கு நான் போட்ட தேதியும் பொய் என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்ததாக ஆகும். என்னை அந்த வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானே வைத்திருக்க மாட்டேன். சிங்கங்களை இனிப் பார்க்க முடியாது. மீராவோடு பேச எனக்கு மிச்சமிருந்த ஒரே விஷயமும் போய்விடும்.

ரகு சொன்னார், "எதுக்கு வம்பு கோமு? பதிலே போடாம விட்டுடு. அவங்களா சலிச்சுப்போய் விட்டுருவாங்க."

"பதில் போடலைன்னா பழைய தேதி அப்படியே நிக்கும். அதை வச்சே சுட்டுருவான்."

"அப்போ எழுது. உன்னைத் தூக்கிருவாங்க, அவ்ளோதானே."

அவ்ளோதானே! அந்தச் சொல்லுக்கு அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மீராவிடம் போனேன். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொன்னா என்னை எடுத்துருவாங்க மீரா. அப்புறம் நமக்கு லாகின் இருக்காது. ஒரு படமும் வராது."

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "ஸோ?"

கீழே வந்து எழுதினேன். நாலு வரி. என் பெயர், ஜூன் ஒன்று நானாகப் போட்ட தேதி என்ற ஒப்புதல், ஜனவரிப் படத்தின் இணைப்பு, கடைசியில் யூ.என்.கே. என்று மூன்றெழுத்து. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த பதிலில், சின்னவனுக்குச் சான்று நிறுத்தப்பட்டது என்று ஒரு வரியும், என் செயல் 'பதிவின் நம்பகத்தன்மையை மீறியது' என்று மூன்று பத்தியும் இருந்தன. அந்தச் சொற்றொடரை நான் எத்தனை ஆஸ்பத்திரிகளுக்கு எழுதி அனுப்பியிருப்பேன்! அன்று சாயங்காலமே என் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. நாலு வருடமாக நான் சரிபார்த்த புள்ளிகளெல்லாம் அந்தப் பூட்டுக்குள் இருக்கின்றன. பொய்த் தேதி போட்டவளுக்குத் தண்டனை சரிதான். முழுத் தேதி இல்லாமல் சேவ் ஆகாது என்று படிவம் செய்தவருக்கு என்ன தண்டனை? நாலு வருடமாக ஒருவர்கூட 'இது எப்படித் தெரியும்' என்று என்னைக் கேட்கவில்லையே, அவர்களுக்கு? ஒரு உயிரைச் சுடுவதற்கு முன் பிறந்த தேதி சரியா என்று பார்க்கிற ஒழுங்கு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஆறு வயதாகிவிட்டால் மட்டும் அதற்கு வலிக்காதா?

7

இந்த ஒரு வருடம் எங்களுக்கு மிஞ்சியது, பயணிகள் பொதுவில் படம் போடுகிற ஒரு பக்கம் மட்டும். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படம் வரும். ஆகஸ்டில் சின்னவன் நொண்டிக்கொண்டு நின்றான். செப்டம்பரில் ஒன்றுமே வரவில்லை, நான் வைத்த சாம்பாரில் உப்பு இல்லை என்று ரகு மூன்று தடவை சொன்னார். நவம்பரில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். ஆற்றங்கரையில் அவன் ஒற்றையாக நின்று கர்ஜிக்கிறான். அக்கரையில் மூன்று பேர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேராகக் காக்க வேண்டிய எல்லை. ஒருத்தன் தனியாக அதை எத்தனை நாளைக்குக் காப்பான் என்று யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அவன் காத்தான்.

அந்தக் கார்த்திகையில் ரகு பாயசம் வைத்தார். நான் சாப்பிட்டேன்.

இன்று ஆபீஸிலிருந்து கேக் டப்பாவோடு வந்தேன். மீரா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காலேஜுக்கு வேண்டிய சாமான்களை லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் டெக்சாஸ் போகிறாள், ரிச்சர்ட்சனில் காலேஜ். உலகத்தில் வேறு ஊரே இல்லையா என்று கேட்டு ஓய்ந்துவிட்டேன். கேக்கை அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து போனைத் திறந்தேன்.

காலையில் ஒரு படம் வந்திருந்தது. ஆற்றுக்கு மேற்கே ஒரு கருவேல மரத்தடி. ஒரு ஆண் சிங்கம், முகம் முழுதும் வடு. பின்னால் வளர்ந்த குட்டிகள் படுத்திருந்தன. நான் எண்ணினேன். நாலு. ஒன்றுக்குக் கழுத்தில் முடி முளைத்திருந்தது.

படத்துக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'கம்பீரமான ஆண். இது எந்தச் சிங்கம், வயது என்ன, யாருக்காவது தெரியுமா?' அதற்குக் கீழே பழைய கூட்டாளி ஒருத்தி என் பெயரைப் போட்டு, 'கோமதிக்குத் தெரியும், அவள் ஒரு புள்ளியும் தவறவிட மாட்டாள்' என்று எழுதியிருந்தாள்.

கேட்டவர் அப்பாவிச் சுற்றுலாக்காரராகவும் இருக்கலாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் சீசன் திறக்கிறது என்பது தெரியும். இந்த முறை எப்படி எண்ணினாலும், அக்டோபரிலிருந்தே எண்ணினாலும், அவனுக்கு ஆறு வயது தாண்டிவிட்டது.

படத்தைப் பெரிதாக்கினேன். மூக்கு நன்றாகக் கறுத்திருந்தது. இடது கன்னத்தில் இரண்டு புள்ளி, வலதில் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டே என்னால் அதை வரைய முடியும். அந்தக் குட்டிகளின் பிறந்த தேதியும் சரியாகத் தெரியும்.

எங்கள் ஹெட்மாஸ்டர் என் தலையை எவ்வளவு லேசாகச் சாய்த்தார் என்று யோசித்தேன். பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன், 'தெரியவில்லை' என்று. அனுப்பினேன்.

எதிரில் மீராவின் போன் சத்தம் கொடுத்தது. அவளும் அந்தப் பக்கத்தைத் தொடர்கிறாள் என்று எனக்கு இதுவரை தெரியாது. படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கினாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், புள்ளி எண்ணுகிறாள். பிறகு என் பதிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியாதும்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே எனக்குக் கீழே எழுதினாள்.